சின்னப் படகுக்கு ஸ்டாண்டு இல்லை

படகு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் விருத்தாசலத்தில்.

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஊர்க்காரர்கள் பஸ் ஏறிக் கிழக்கே போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பீங்கான் பட்டறைகள் வரிசைகட்டி நிற்கும் தெருவில், விருத்தகிரியின் பட்டறை முற்றத்துக்கு நேர் மேலே, கிரேன் கொக்கியில் ஒரு பாய்மரப் படகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய இன்னொரு படகு ஏற்கெனவே இரும்பு ஸ்டாண்டுகளுக்கு நடுவே இறங்கி, பந்தலுக்கு வந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"பெரிசுக்கு ஸ்டாண்டு குடுத்தீங்க. சின்னதுக்கு எங்கங்க?" என்று கத்தினார் கிரேன் ஆபரேட்டர்.

விருத்தகிரி லாரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் காலி லாரியைப் பார்த்தார்.

"எனக்கு ஏத்தி வுட்டது இவ்ளோதாங்க."

"ஸ்டாண்டு இல்லாம நிக்காதா?"

"அடிய பாருங்க சார். வாழைப்பூ மாதிரி இருக்குது. வாழைப்பூ எங்கியாச்சும் நிக்குமா?"

விருத்தகிரி சம்பந்திக்குப் போன் போட்டார். எடுத்தது சம்பந்தியம்மா அம்புஜவல்லி.

"அவரு குளிக்கிறாரு அண்ணே. ஸ்டாண்டா? வழியில எங்கயாச்சும் வுழுந்திருக்கும். இத இப்ப அவருகிட்ட சொன்னா பிரஷர் ஏறிடும். சொல்லாதீங்க. நீங்கதான் எல்லாத்துக்கும் ஒரு வழி வெச்சிருப்பீங்களே!"

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகு விருத்தகிரியால் பின்வாங்க முடியுமா?

"கவலய வுடுங்க சம்பந்தியம்மா. படகு என் பொறுப்பு."

விருத்தகிரிக்குச் சொந்தமாக ஒரு சூளை, நாலு சுவருக்குள் ஒரு முற்றம், ஊறுகாய் ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் பட்டறை, வெண்மதி என்று ஒரே மகள், இவற்றோடு வற்றாத தன்னம்பிக்கை ஒன்றும் உண்டு. அந்தத் தன்னம்பிக்கைதான் படகுகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

போன மாதம் வெண்மதியைப் பெண் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வந்தார்கள். பையன் வெற்றிவேல் தங்கமானவன். பையனின் அப்பா இராஜமாணிக்கம், முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காபி வந்த நிமிடத்திலேயே விருத்தகிரி அவரைச் 'சம்பந்தி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆனால் சம்பந்தி பெண்ணைப் பற்றிப் பேசியது கொஞ்சம். படகைப் பற்றிப் பேசியது மிச்சம்.

"ரெண்டு பாய்மரப் படகு பாத்து வெச்சிருக்கேன். ரெண்டும் பழசு. ஒண்ணு இருபத்தஞ்சு அடி, ஒண்ணு முப்பத்தஞ்சு. இப்ப வர்ற படகுக்கெல்லாம் அடியில கீலுன்னு நடுவுல மட்டும் சின்னதா ஒரு துடுப்பு வெக்கிறான். இது ரெண்டுக்கும் முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் முழு நீளத்துக்குக் கீலு. கோடு போட்ட மாதிரி நேரா போகும். அலை வந்தாலும் அசையாது. என்னா, திரும்புன்னா மட்டும் லேசுல திரும்பாது."

"எங்க வூட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் விருத்தகிரியின் மனைவி கண்ணம்மாள்.

"சின்னது கைக்கு அடக்கம். பாயி சின்னது, செலவு கம்மி, காத்த பாத்துட்டு நெனைச்சா கெளம்பிடலாம். பெரிசுல படுக்க, சமைக்க, தண்ணி வெக்க எல்லாத்துக்கும் எடம். ஆனா பாயி ஒவ்வொண்ணும் பந்தலு மாதிரி. எத எடுக்கறதுன்னே தெரியல."

அதுவரை வாயே திறக்காத அம்புஜவல்லி அப்போதுதான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எதுக்கு எத்தினி பேரு வேணும்?"

"சின்னதுக்கு நான் ஒருத்தன் போதும். பெரிசுக்கு இன்னொரு ஆளு வேணும்" என்றார் அவர். அம்புஜவல்லி காபியைக் குடித்து முடித்தாள். பாவம், கடல் என்றாலே பிடிக்காது போலிருக்கிறது என்று கண்ணம்மாள் நினைத்துக்கொண்டாள்.

படகுகள் நின்ற இடத்தை விற்றுவிட்டார்களாம். உடனே காலி செய்ய வேண்டுமாம். ஒன்றை முடிவு செய்யும்வரை இரண்டையும் எங்கே நிறுத்துவது என்று சம்பந்தி கவலைப்பட்டார்.

"நம்ம முத்தத்துல நிறுத்துங்க!" என்றார் விருத்தகிரி. அதோடு விட்டாரா? "எது நல்ல படகுன்னு நானே பாத்துச் சொல்றேன் சம்பந்தி. ஜாடியோ படகோ, உருவம்னு வந்துட்டா எனக்கு ஒரு பார்வை போதும்."

இராஜமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப சரி. நான் ஒரு நேரத்துல ஒரு முடிவுதான் எடுப்பேன். மொதல்ல படகு முடிவாவட்டும். அப்புறமா நிச்சயதார்த்தத் தேதி."

இதுதான் நிலவரம். படகு நின்றால் கல்யாணம் நடக்கும். படகு விழுந்தால்?

"மொதலாளி, கிரேனுக்கு மீட்டரு ஓடுது" என்று நினைவூட்டினார் பழமலை. பட்டறையின் மேஸ்திரி அவர். முதலாளி எதைச் சொன்னாலும் செய்வார். செய்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வார்.

விருத்தகிரி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். மூலையில், பிசைந்து பதமாக வைத்திருந்த களிமண் மலைபோலக் கிடந்தது. அடி உருண்ட ஜாடியைக் களிமண்ணில் பதித்து வைத்தால் நிற்கிறதா இல்லையா? நிற்கிறது. படகு என்பது என்ன? நீளமான ஜாடி.

"பழமலை! ரெண்டு பக்கமும் களிமண்ண அண குடு. இடுப்பு ஒசரத்துக்கு."

சாயங்காலத்துக்குள் சின்னப் படகு களிமண் மெத்தையில் ராணி மாதிரி உட்கார்ந்துவிட்டது. கிரேன் போய்விட்டது. பழமலை கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் கருத்தைச் சொன்னார்.

"காஞ்சா சுருங்குமே மொதலாளி."

பிறந்ததிலிருந்தே களிமண்ணில் புரண்ட விருத்தகிரிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் சின்ன ஜாடி சுருங்குவதைப் பற்றித்தான் அவர் இதுவரை யோசித்திருந்தார். ஊர்க்காரர்கள் படகு பார்க்கத் திருவிழா மாதிரி வந்துகொண்டிருந்தார்கள். வேப்பூர் ரோட்டில் போன லாரிக்காரர்கள்கூட வழி விசாரித்து வந்தார்கள். அந்தப் பெருமையில் மண் காய்வது கண்ணில் படவில்லை.

விருத்தாசலத்து வெயில் ஒரு வாரத்தில் வேலையைக் காட்டியது. களிமண் பாளம் பாளமாக வெடித்து, படகை விட்டு விலகி நின்றது. படகு மூன்று விரற்கடை சாய்ந்தது.

"அப்பா, என் கல்யாணம் இப்ப ரெண்டு படகு மேல நிக்குது" என்றாள் வெண்மதி. "அதுல ஒண்ணு சாயுது."

"காஞ்சதாலதானே சுருங்கிச்சு? தண்ணி ஊத்துனா பழையபடி உப்பிடும். ஓஸ எடு பழமலை!"

பழமலை எடுத்தார். அரை நாள் தண்ணீர் விட்டார். களிமண் உப்பியது உண்மை. அதோடு நிற்காமல் குழைந்தது, வழுக்கியது, கீலுக்கு அடியிலிருந்து நழுவிப் பட்டறை வாசல்வரை ஓடியது. சின்னப் படகு ஒரு நீண்ட முனகலோடு சாய்ந்து, பெரிய படகின் தோளில் தலையை வைத்துக்கொண்டது.

"டாஸ்மாக் வாசல்ல ரெண்டு பேரு நிக்கிற மாதிரி இருக்குது" என்றாள் கண்ணம்மாள். "சம்பந்திக்கு ஒரு போன் போட்டு உள்ளத சொல்லிடுங்களேன்."

"எதுக்கு? எல்லாம் என் கண்ட்ரோல்ல இருக்குது."

கண்ட்ரோலுக்கு அவர் கண்டுபிடித்த வழி, எடை. பீங்கானுக்குச் சேர்க்கும் கல்மாவு மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. அவற்றைத் தூக்கிச் சின்னப் படகின் உள்ளே, சாயாத பக்கம் அடுக்கினால் படகு தானாக நிமிரும். தராசுக் கணக்கு.

நிமிர்ந்தது. நிமிர்ந்து நிற்காமல் அந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் சூளைக்குப் போகக் காத்திருந்த ஜாடிகளின் அடுக்கு. அடுத்த சத்தம் மங்கலம்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

"இந்தப் பக்கமும் மூட்டைய போடு! சீக்கிரம்!"

இரண்டு பக்கமும் மூட்டை ஏறியதும் படகு நட்டநடுவில் நின்றது. ஆடவில்லை, அசையவில்லை. விருத்தகிரி மீசையைத் தடவிக்கொண்டார். பழமலை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மொதலாளி, சின்னது இன்னும் சின்னதாயிடுச்சு."

பாரம் தாங்காமல் கீல் முழுசாக ஈர மண்ணுக்குள் இறங்கியிருந்தது. படகு இப்போது கடலில் மிதப்பதுபோல முற்றத்தில் மிதந்துகொண்டிருந்தது. பெரிய படகில் உரசியதில் சின்னதன் பக்கவாட்டில் முழ நீளத்துக்கு ஒரு கீறல் வேறு. பழமலை அதன்மேல் ஜாடிக்குப் பூசும் வெள்ளைக் களிக் கரைசலைத் தடவினார். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. தொட்டால் ஒட்டும்.

மறுநாள் காலை சம்பந்தியே போன் செய்தார்.

"சம்பந்தி! உங்க மேஸ்திரி வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல படகு முன்னாடி குடும்பத்தோட செல்ஃபி வெச்சிருக்காரு. வெற்றிவேல் காட்டினான்."

விருத்தகிரி பழமலையைப் பார்த்த பார்வையில் சூளையே பற்றியிருக்கும்.

"படகு சாஞ்ச மாதிரி தெரியுதே சம்பந்தி?"

"போனத சாச்சுப் புடிச்சு எடுத்திருப்பான் சம்பந்தி."

"பின்னாடி உங்க சூளை சிம்னி நேரா நிக்குதே?"

விருத்தகிரி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "சிம்னி சாய்வுதான் சம்பந்தி. அதான் படத்துல நேரா தெரியுது."

மறுமுனையில் என்ஜினியர் மூளை கொஞ்ச நேரம் அதைச் சுழற்றிப் பார்த்தது. "எதுக்கும் நாளைக்கு நேர்ல வரேன். நான் சின்னதுன்னு முக்கால்வாசி முடிவு பண்ணிட்டேன். உங்க வாயால கேட்டுட்டா அப்படியே தேதியும் குறிச்சிடலாம்."

போனை வைத்ததும் விருத்தகிரிக்கு முதன்முறையாக வேர்த்தது. சின்னது என்று முடிவானால் அதைத் தூக்க வேண்டும். தூக்கினால் மூட்டை, கீறல், குழி எல்லாம் வெளியே வரும். படகையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் பெண்ணை எப்படி வளர்த்திருப்பான் என்று சம்பந்தி நினைத்துவிட்டால்? பெரிசை வாங்க வைத்தால் தப்பிக்கலாம்.

"நாளைக்குப் பெரிசத்தான் புகழணும்" என்று அறிவித்தார். "எல்லாரும்."

"மூட்டைய எறக்கிடலாமா மொதலாளி?"

"எறக்குனா மறுபடியும் சாயும்டா!"

மறுநாள் பத்து மணிக்குக் கார் வந்தது. இராஜமாணிக்கம் இறங்கியதும் சிம்னியைத்தான் முதலில் பார்த்தார்.

"நேரா இருக்குதே?"

"நேத்தே சரிபண்ணிட்டோம் சம்பந்தி."

அவர் படகுகளிடம் வந்தார். பின்னாலேயே அம்புஜவல்லி, கையில் மல்லிகைப் பூவும் பழமும் வைத்த தட்டோடு. இராஜமாணிக்கத்தின் பார்வை சின்னப் படகின் மேலிருந்து கீழே இறங்கித் தரையில் முட்டி நின்றது.

"ஸ்டாண்டு எங்க? கீல் எங்க?"

"ஸ்டாண்டு கீறல் போடும் சம்பந்தி. எங்க ஊரு முறையில களிமண் படுக்கை குடுத்திருக்கோம். கீலு உள்ள பத்திரமா, குளுகுளுன்னு இருக்குது."

இராஜமாணிக்கம் படகைப் பாசமாகத் தடவினார். உள்ளங்கை வெள்ளையாகத் திரும்பி வந்தது.

"இது?"

"வெயிலு படாம இருக்க ஒரு பூச்சு. பொம்பளைங்க பவுடர் போட்டுக்கற மாதிரி."

"உள்ள ஒரு தரம் பாத்துடறேன். ஏணி குடுங்க."

பழமலை வானத்தைப் பார்த்தார்.

"ஏணி சூளைக்குள்ள மாட்டிக்கிச்சு சம்பந்தி" என்றார் விருத்தகிரி. "சூளை எரியுது. நாளைக்குத்தான் ஆறும்."

"ஏணிய எதுக்கு சூளையில வெச்சீங்க?"

"இந்த முட்டிய வெச்சிக்கிட்டு ஏணி ஏறப்போறாராம்!" என்று குறுக்கே விழுந்தாள் அம்புஜவல்லி. "நேத்து மாடிப்படி ஏறினதுக்கே தைலம் தடவினேன். கீழேர்ந்து பாத்தா போதும்."

விருத்தகிரி அவளை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நன்றியோடு பெரிய படகின் புகழைத் தொடங்கினார். அதன் முதுகு வளைவு, வயிற்றின் நிறைவு, மூக்கின் எடுப்பு. கண்ணம்மாள் சமையல் மேடையைப் புகழ்ந்தாள். அதை அவள் பார்த்ததேயில்லை. வெண்மதி, "மாமா, பெரிசுதான் போட்டோவுல நல்லா இருக்கும்" என்றாள்.

"எல்லாம் சரி" என்றார் இராஜமாணிக்கம். "பழைய படகை வாய்ப்பேச்சுல வாங்கக் கூடாது. தட்டிப் பாக்கணும்." பையிலிருந்து சின்ன மரச் சுத்தியல் ஒன்றை எடுத்தார்.

தட்டிப் பார்ப்பது விருத்தகிரியின் சொந்தத் தொழில். ஜாடியைச் சுண்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். பொத் என்றால் விரிசல், ஒதுக்கிவிட வேண்டும். காலி ஜாடிக்குத்தான் கணீர். மாவை நிரப்பிவிட்டுத் தட்டினால்?

பெரிய படகு. டக். டக். டக். சுத்தமான சத்தம்.

சின்னப் படகு. பொத்.

இராஜமாணிக்கம் நெற்றியைச் சுருக்கினார். இன்னும் தள்ளித் தட்டினார். பொத். மறுபக்கம் போய்த் தட்டினார். பொத், பொத்.

"தண்ணி குடிச்சிருக்குது" என்றார் தழுதழுத்த குரலில். "ரெண்டு பக்கமும். பாவி, போன மாசம் நான் தட்டும்போது நல்லாத்தானே இருந்தே?"

அந்தக் குரல் விருத்தகிரியை என்னவோ செய்தது. ஒரு நல்ல படகு, தன் மூட்டையால் கெட்ட பெயர் வாங்குகிறது. நல்ல ஜாடியை விரிசல் என்று சொல்லி ஒதுக்கியதில்லை அவர். வாய் திறந்துவிட்டது.

"சம்பந்தி, அது வந்து... உள்ள..."

"உள்ளதான் கெட்டுப்போச்சுன்னு அண்ணனும் சொல்றாரு" என்றாள் அம்புஜவல்லி. "அதான் மொதல்லேர்ந்து பெரிசு பெரிசுன்னு அடிச்சிக்கிறாரு. தட்டாமலே கண்டுபுடிச்சிருக்காரு பாருங்க!"

இராஜமாணிக்கம் சுத்தியலைப் பையில் போட்டார். விருத்தகிரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பார்வை போதும்னீங்களே சம்பந்தி! நான்தான் வெளையாட்டுன்னு நெனைச்சேன். பெரிசே எடுத்துக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரிசுன்னா கூட இன்னொரு ஆளு வேணும். எங்க தேடறதுன்னுதான் தெரியல" என்றார்.

அம்புஜவல்லி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு மாற்றினார்கள். ஐப்பசியில் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம். கண்ணம்மாள் கேசரி கிண்டினாள். பழமலை இரண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், விருத்தகிரியைத் தவிர. கேசரி அவருக்குத் தொண்டையில் களிமண்ணாக இறங்கியது.

இராஜமாணிக்கம் பெரிய படகுக்கு முன்னால் நின்று வெண்மதியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், விருத்தகிரி கார்ப் பக்கம் போனார். அம்புஜவல்லி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"சம்பந்தியம்மா, மனசு கேக்கல. உங்ககிட்டயாச்சும் சொல்லிடறேன். சின்னது நல்ல படகு. உள்ள பூரா கல்மாவு மூட்டை. ஸ்டாண்டு இல்லாம சாஞ்சிடுச்சு, நான்தான் ஏத்தி வெச்சேன். அந்தப் பொத்து சத்தம் என்னோடது. அவருகிட்ட நீங்களே பக்குவமா..."

அம்புஜவல்லி மல்லிகைச் சரத்தைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டு, கார்க் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

"எதுக்குண்ணே சொல்லணும்? அந்த ஸ்டாண்டு நாலும் எங்க வூட்டு மொட்ட மாடியில வத்தலு காயப்போடத்தான் நிக்குது. முப்பது வருசம் அவரு தனியா கடலுக்குப் போனது போதும், பெரிசுக்கு அந்த ரெண்டாவது ஆளு நான்தான்!"